ஒல்ஃபாவின் வெள்ளைக் கோட்டு

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒல்ஃபாதான் கண்ணில் படுகிறாள். ஆலை பஸ்ஸுக்காக ரொட்டிக்கடை முனையில் நிற்கிறாள். மடித்த வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டிருக்கிறாள். எப்படிப்பட்ட வெள்ளை! ஓட்டு மேலும் அத்திமர இலை மேலும் சிமெண்டுத் தூசி படிகிற இந்த ஊரில் ஒருத்தி மட்டும் எப்படி அவ்வளவு வெள்ளையாக ஒன்றை வைத்துக்கொள்கிறாள்? பையில் வைத்துக்கொண்டு போகலாம். மாட்டாள். நான் பார்க்க வேண்டும் அல்லவா?

காபெஸ் பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. வேதியியல் தேர்வில் என்னைப் பார்த்து எழுதியவள். இன்று அவள் சிமெண்டு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள், நான் ஜன்னலில் இருக்கிறேன்.

எப்படிக் கிடைத்தது என்று தெருவுக்கே தெரியும். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் அவர் பிள்ளைகளில் ஒருவருக்கு ஆலையில் இடம். சங்கம் எந்தக் காலத்திலோ போராடி வாங்கிய ஏற்பாடு. 'தகப்பன் இடம்' என்பார்கள். அவளுடைய பாபா இரண்டு வருடம் முன்னால் சூளைப் பக்கத்தில் மயங்கி விழுந்து இறந்தார். நாற்பதாம் நாள் முடிந்ததும் அவள் வேலைக்குப் போனாள்.

அவளுக்குத் தகப்பன் செத்தார், வேலை வந்தது. எனக்கு இரண்டும்…

அடித்துவிட்டேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

செப்டம்பர் 19

எங்கள் தெருவிலிருந்து ஆலைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். என் பாபா, ஒல்ஃபா. மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். பாபா மூட்டை கட்டும் பிரிவு. இறங்கியதும் ரொட்டி வாங்குவார். கடையிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குள் ரொட்டியின் ஒரு முனை காணாமல் போயிருக்கும். "எலி கடிச்சிடுச்சு மபுரூகா" என்று பெயர் சொல்லி, வாயில் மென்றுகொண்டே என் உம்மியிடம் கொடுப்பார். முப்பது வருடமாக அதே எலி. உம்மியும் முப்பது வருடமாகத் திட்டுகிறாள்.

இன்று அவர் வாசலில் நின்று செருப்பை உதறும்போது பார்த்தேன். தெருமுனையில் ஒல்ஃபா நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தும்வரை நகரவில்லை. வேலையில்லாதவளின் வீடு எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாளா?

சாப்பிடும்போது பாபாவிடம் கேட்டேன்.

"லேப்ல அப்படி என்னதான் சோதிக்கிறாங்க?"

"அதுவா? உப்பு சரியா இருக்கா, சூடு சரியா இருக்கான்னு பாப்பாங்க."

"சிமெண்டுல என்ன உப்பு?"

"படிச்சவ நீ. என்னையக் கேக்குற!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, உம்மி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"அடுத்தவ வேலையைத் துருவாதேடி," என்றாள் உம்மி. "உன் கண்ணு பட்டா சுவரே வெடிக்கும். அஞ்சு விரலும் உன் கண்ணுல" என்று கண்ணேறு கழிக்க உள்ளங்கையை விரித்தாள்.

பக்கத்தில் என் தம்பி மக்ரம். போனைப் பார்த்துக்கொண்டே மூன்று தட்டு குஸ்குஸ் தின்றான். அவனுக்கு இருபத்தைந்து வயது. கார் கழுவும் இடத்தில் கூப்பிட்டால் போவான், கூப்பிடாவிட்டால் காப்பிக்கடை. அவனிடம் யாரும் 'ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்று கேட்பதில்லை. படிக்காதது எவ்வளவு சௌகரியம்!

அக்டோபர் 4

துனிஸில் எழுதிய வேலைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. என் பெயர் இல்லை. உம்மியிடம் "இன்னும் வரல" என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ரொட்டிக்கடை வரிசையில் ஒல்ஃபா எனக்கு முன்னால் நின்றாள். என்ன வாசனை! வாசனைக் குப்பியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி. சம்பளம் வாங்குகிறவள், கவிழ்க்கட்டும். நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்துச் சட்டம் போலிருக்கிறது. மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு, புதியது.

"ஆசிட்டா?" என்று கேட்டேன்.

"ம்," என்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து என் கைகளைப் பார்த்தேன். ஒரு தழும்புகூட இல்லை. ஒருத்தியின் சூட்டுக் காயத்தைப் பார்த்துக்கூட வயிறு எரிகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு சிவார் வந்தாள். இந்த வருடம் பட்டம் முடிக்கிறாள். என் பழைய வினாத்தாள்களை வாங்கிக்கொண்டு போனாள். "உங்க அளவுக்கு மார்க் எடுத்தா போதும்க்கா" என்றாள். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16

நாளை ஸ்ஃபாக்ஸில் நேர்காணல். சோப்புத் தொழிற்சாலை, தரம் பார்க்கும் பிரிவு. பாபா என் காலணிகளைத் துடைத்து, ஜன்னல் விளிம்பில் ஜோடியாக வைத்திருக்கிறார்.

"கேள்வி கேட்டா டக்குனு பதில் சொல்லிடாதே," என்றார். "தெரிஞ்சாலும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்க. எல்லாம் தெரிஞ்ச பொண்ணுன்னா முதலாளிங்களுக்குப் பயம் வந்துடும்."

"தெரியலைன்னா?"

"அப்பவும் அதே மூஞ்சிதான்."

அக்டோபர் 17

பாபா போய்விட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்றாம் நாள் முடிந்தது. ஓதுகிறவர்கள் ஓதி, குஸ்குஸ் சாப்பிட்டுப் போனார்கள். தெருவில் போட்ட நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இது யாருக்கோ நடந்தது போலவே இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டைப் பிரிவுக்குத் திரும்பினாராம். வாசலில் கையை ஊன்றினாராம். உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். இதயம்.

நான் அப்போது ஸ்ஃபாக்ஸில் ஒரு கண்ணாடி அறையில், யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். வெளியே வந்து போட்டபோது பாபாவின் தவறிய அழைப்பு ஒன்று. அதன் பிறகு மக்ரமிடமிருந்து வரிசையாக. பாபாவைத்தான் முதலில் திருப்பி அழைத்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

லுவாஜில், அந்தப் பங்கு டாக்சியில், எட்டுப் பேருக்கு நடுவே வந்தேன். நான் வந்து சேரும்போது குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தேன். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மக்ரம் முன்பக்கம் தோள் கொடுத்தான். கபர்க் குழியில் இறங்கிப் பிடித்து வைத்ததும் அவன்தான். வந்தவர்கள் எல்லாம் அவன் கையைத்தான் பிடித்து "இனி பரக்கத்து உன்கிட்டதான்" என்று துக்கம் விசாரித்தார்கள். எனக்கு அடுத்த நாள் காலையில் ஈர மண்தான் கிடைத்தது.

பாபா கடைசியாகப் பேசியதும் மக்ரமிடம்தான். நான் எடுக்காததால் அவனுக்கு அழைத்திருக்கிறார்.

"என்னடா சொன்னாரு?"

"கேஸ் சிலிண்டர் மாத்தச் சொன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லக்கா."

சிலிண்டரைப் பற்றிய அந்த ஒரு நிமிடப் பேச்சுக்காக என் தம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். இது என்ன பிறவி!

அக்டோபர் 23

பழைய பக்கங்களைப் புரட்டியிருக்கக் கூடாது. செப்டம்பர் பதினாறு. அடித்த வரி. நான்தான் கேட்டேனா? கேட்டதாக எடுத்துக்கொண்டானா இறைவன்?

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி உள்ளேயே சொருகிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஹெதி பெரியப்பா ஆலைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். இடம் உண்டு. ஒரே ஒரு இடம். வாரிசுகள் மூன்று பேர்: உம்மி, நான், மக்ரம். ஒருவர் பெயரை முடிவு செய்து, மற்ற இருவரும் நகராட்சியில் போய் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் இடம் கிடையாது.

"மக்ரம் பேரைக் கொடுத்துடலாம்," என்றார் பெரியப்பா. என்னவோ சர்க்கரை போதுமா என்று கேட்கிற தொனியில்.

"நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன் பெரியப்பா."

"உக்காந்திரும்மா, யாரு வேணாங்குறா? நீ நாளைக்கு ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவே. எந்தம்பி பஷீரோட இடம் ஊரான் வூட்டுக்குப் போயிடும்."

"எனக்கு இருபத்தொம்பது வயசு. கட்டிக்க எவன் வாசல்ல நிக்கிறான்? காட்டுங்க."

அவர் உம்மியைப் பார்த்தார். உம்மி தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "இவனுக்கு ஒரு பிடிப்பு இல்லேன்னா கடல் தாண்டி வேலை தேடிக் கள்ளப் படகுல ஏறிடுவான் வீதாத். சலீமாவோட மவன் போனது தெரியுமில்ல? கடல் குடுக்கவும் இல்ல, திருப்பவும் இல்ல. நீ எங்கேயும் போக மாட்டே."

நீ எங்கேயும் போக மாட்டே. அதனால் எனக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

மக்ரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்காமலே கிடைக்கிறவர்களுக்கு வாய் எதற்கு?

நவம்பர் 8

ஸ்ஃபாக்ஸிலிருந்து செய்தி. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். பரவாயில்லை. அந்த வேலை கிடைத்திருந்தால் வாழ்நாள் முழுக்க அந்தக் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

பரவாயில்லையா? பொய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மானத்தை விட்டு ஒல்ஃபாவிடம் போனேன். அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள். பிளீச்சிங் வாசம் மூக்கில் ஏறியது.

"பாபா இடம் எனக்கு வந்தா லேப்ல இடம் இருக்குமா?" என்று நேராகவே கேட்டேன். "நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்களா?"

அவள் துணிக்கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கோட்டின் கையை நீவிவிட்டாள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"தம்பிக்கு விட்டுடு."

"என்ன?"

"உனக்கு வேண்டாம் வீதாத். கேளு. தம்பிக்கு விட்டுடு."

இரண்டிரண்டு படியாக இறங்கினேன். கோபத்தில்தான். வகுப்பில் முதலாவதாக வந்தவள் அதே ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிடுவாளோ என்று பயம் அவளுக்கு. வந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடுமே. இத்தனை நாள் நான் மட்டும்தான் பொறாமைக்காரி என்று நினைத்து வெட்கப்பட்டேன். அவளும் அதே ரகம்தான்.

இனி நிச்சயம் கையெழுத்துப் போட மாட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

நாற்பதாம் நாள். ஆட்டிறைச்சி, குஸ்குஸ், வந்தவர்கள், போனவர்கள். உம்மி, விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தும், நேற்றே நகராட்சிக்குப் போய் மக்ரமுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பெரியப்பா எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "மூணு பேர்ல ரெண்டு பேர் சரி. ஒரே ஒரு புள்ள பிடிவாதம் பிடிக்குது. மார்க்கத்துல ஆணுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒரு பங்கு. தெரியாதா உனக்கு?"

"தெரியும். அப்படியே பிரிங்க," என்றேன். "வாரத்துக்கு ஆறு நாள் வேலை. அவன் நாலு நாள் போகட்டும், நான் ரெண்டு நாள் போறேன்."

அறையில் இருந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பெரியப்பா எழுந்து போய்விட்டார். சிரிப்பு வாங்கின சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. உம்மி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உங்க பாபா கபர் இன்னும் காயல. அதுக்குள்ள அவரைப் பங்கு போடுறே."

அவள் மக்ரமுக்காகப் போட்ட கையெழுத்து மட்டும் என்னவாம்? அது பங்கு இல்லையா? கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். உம்மியும் அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று எனக்கே தெரியவில்லை. பாபாவுக்காகவா? அந்த இடத்துக்காகவா? பாபாவுக்காக மட்டும் அழுவதற்கு ஒரு நாள் கிடைக்காதா எனக்கு?

நவம்பர் 28, வியாழன்

மக்ரம் வெளியிலிருந்து வந்து ஒரு தாளை என் மடியில் போட்டான். நகராட்சி முத்திரை. எனக்காக அவன் விட்டுக்கொடுத்திருக்கிறான். உம்மியும் மாற்றிப் போட வேண்டும். அவளிடம் அவனே பேசிக்கொள்வானாம்.

தாளை இரண்டு முறை படித்தேன். அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"சிலிண்டர் சிலிண்டர்னு சொன்னேன்ல," என்றான். "சிலிண்டர் கடைசியில சொன்னது. முதல்ல உன்னைத்தான் கேட்டாரு. 'அவ எடுக்க மாட்டேங்குறாடா. இன்னும் உள்ளதான் இருக்காளா? எப்படிப் போச்சாம்?' அதான் கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்னேன். 'உள்ள ரொம்ப நேரம் வச்சிருக்காங்கன்னா நல்லதுதான்'னு அவரே சொல்லிக்கிட்டாரு."

"ஏன்டா சொல்லல?"

"ஏன் சொல்லணும்? கடைசி போன்லயும் நீதான். பள்ளிக்கூடத்துலேர்ந்து நீதான். உனக்குப் புத்தகம்னா ஓவர்டைம் பாப்பாரு. எனக்கு ஒரு பழைய பைக் கேட்டேன், 'உக்காந்து படி'ன்னாரு. என் நம்பரை அன்னைக்குப் போட்டதே நீ எடுக்கலைன்னுதான். நான் எப்பவும் ரெண்டாவது நம்பர்க்கா." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அந்த ஒண்ணையாவது எனக்குன்னு வச்சுக்கலாம்னு பாத்தேன். வச்சுக்க முடியல. தொண்டையில நிக்குது."

நான் இத்தனை நாள் அவனைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். அவன் அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

"நீ என்னடா பண்ணுவே?"

"சூஸ் நகரத்துல காலித் அண்ணன் டைல்ஸ் ஒட்டுற வேலைக்குக் கூப்பிடுறாரு. படகு இல்ல, பயப்படாதே. எனக்கு நீச்சலே தெரியாது, உம்மிக்குச் சொல்லு." எழுந்தவன் கதவருகே நின்றான். "அந்தத் தூசிக்குள்ள என்னால நிக்க முடியாதுக்கா. அவரு இருமல் கேட்டுக்கிட்டே இருக்கும். உனக்கென்ன, லேப்ல கண்ணாடிக்குள்ள இருப்பே."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் அழும்போதே மனதின் ஒரு மூலையில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்று பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 9

மக்ரம் போய்விட்டான். உம்மி கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்.

டிசம்பர் 27

ஆலையிலிருந்து அழைப்பு. ஜனவரி 13. உம்மியிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் மாலையில் ரொட்டிக்கடைப் பெண் என்னிடம், "லேப்புல சேரப் போறியாமே, உம்மா சொன்னாங்க" என்றாள். என்னிடம் பேசாதவள் தெருவிடம் பேசியிருக்கிறாள். மனம் குளிர்ந்துவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

பணியாளர் அலுவலகத்தில் ஒரு ஆள், சூடான பால்காப்பியும் கையுமாக இருந்தார். நான் பட்டச் சான்றிதழை நீட்டினேன். வாங்கவில்லை.

"இது என்னம்மா?"

"வேதியியல் பட்டம். ஆய்வுக்கூடத்துக்கு."

"ஆய்வுக்கூடத்துக்குத் தனித் தேர்வு. அதுக்கு ஆள் எடுத்துப் பல வருசமாச்சு. உங்களுது தகப்பன் இடம். தகப்பன் என்ன படியோ அதே படி. கூலிப் பிரிவு." தாளைப் புரட்டினார். "பொம்பளைங்களை மூட்டைப் பக்கம் விடுறதில்ல. துப்புரவு இருக்கு, சமையக்கட்டு இருக்கு. எது?"

நான் சான்றிதழை மறுபடி நீட்டினேன். அவரே, "சமையக்கட்டு கதகதன்னு இருக்கும்" என்று எழுதிவிட்டார். அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வெள்ளைக் கோட்டு.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவ்வளவு மக்கு. அதைக் கையில் போட்டுக்கொண்டு, அவர் காட்டிய வழியே போய், ஊஞ்சல் கதவைத் தள்ளினேன். ஆவி. வெங்காய நெடி. பெரிய அண்டாவின் முன்னால் ஒல்ஃபா, அதே வெள்ளைக் கோட்டில், கையில் அகப்பையோடு. என்னைப் பார்த்ததும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சொன்னேன்ல," என்றாள். "தம்பிக்கு விடுன்னு."

வாசனைக் குப்பி. ஒட்ட வெட்டிய நகம். மணிக்கட்டுத் தழும்பு, அது எண்ணெய். இரண்டு வருடமாக நான் வயிறெரிந்தது ஒரு குஸ்குஸ் அண்டாவைப் பார்த்து.

"நீ லேப்புன்னு—"

"நான் எப்பவாவது சொன்னேனா? யோசிச்சுப் பாரு. முதல் நாள் கோட்டோட வந்து இறங்கினேன். நம்ம தெரு பார்த்துட்டு லேப்புன்னு சொல்லிச்சு. எங்க உம்மா முகத்துல அன்னைக்குத்தான் சிரிப்பப் பாத்தேன். இல்லேன்னு எப்படிச் சொல்றது?" ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "வெங்காயம் உரிப்பியா? கண்ணு எரியும். அழுதா யாரும் கேக்க மாட்டாங்க, அது ஒரு சௌகரியம்."

உரித்தேன். நன்றாக அழுதேன். இத்தனை நாளில் முதல்முறையாக, பாபாவுக்காக மட்டும்.

மதிய மணி அடிப்பதற்கு முன்னால் எனக்குத் திடீரென்று உறைத்தது. பாபா தினமும் இங்கேதான் சாப்பிட்டார்.

"பாபாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? தினம் தட்டை நீட்டுவாரு. 'டாக்டரம்மா, இன்னைக்கு லேப்ல என்ன காய்ச்சினே? உப்பு, சூடு எல்லாம் சோதிச்சியா?' அதையே தினம் கேப்பாரு. தினம் சிரிப்பாரு. வீட்டுல சொல்லலையா?"

"இல்ல."

"சொல்ல மாட்டாருன்னு தெரியும்," என்றாள்.

உப்பு சரியா இருக்கா, சூடு சரியா இருக்கா. எனக்கு முன்னாலேயே சொல்லி, என் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறார். ஊரான் வீட்டுப் பெண்ணின் மானத்தை என்னிடமிருந்துகூடக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்.

"அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"மக்ரோனி," என்றாள். "ஹரிசா மிளகாய்க் காரம் தூக்கலா. ரெண்டாவது தடவையும் வாங்கினாரு. 'எம்மவ ஸ்ஃபாக்ஸ் போயிருக்கா, பசிக்குது'ன்னாரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். 'சந்தோசம் வந்தா பசிக்கும்'ன்னாரு."

மறுபடி எரிந்தது. இரண்டு வருடம் தினமும் மதியம் அவர் சிரிப்பு இவளுக்குக் கிடைத்திருக்கிறது. கடைசிச் சாப்பாடு இவள் கையால். போன் மக்ரமுக்கு, சோறு ஒல்ஃபாவுக்கு. ஆனால் இரண்டு பேரிடமும் அவர் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 14

மாலையில் உம்மி கதவைத் திறந்தாள். நான் பக்கத்தில் போனதும் மூக்கு ஒருமுறை சுருங்கியது. என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

ஜனவரி 15

காலையில் என் பையில் உம்மியின் வாசனைக் குப்பி. பாபா மக்கா போய்வந்தபோது வாங்கிவந்தது. பெருநாளுக்கு மட்டும் தொடுவாள்.

"இது எதுக்கு?"

"இத்தாவுல இருக்கேன். எனக்கு இப்ப வாசனை ஆகாது," என்றாள், என் முகத்தைப் பார்த்து. ஒரு மாதத்துக்கு மேலாகி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து. "பஸ்ஸுல இறங்குறதுக்கு முன்னாடி போட்டுக்க. தெருவுக்கு மூக்கு நீளம்."

ஜனவரி 19, ஞாயிறு

மக்ரம் பேசினான். "லேப் எப்படிக்கா?" கதகதப்பாக இருக்கிறது என்றேன். பின்னால் டைல்ஸ் அறுக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். அவனிடம் சொல்லப் போவதில்லை. விட்டுக்கொடுத்தவனுக்குக் கொடுத்தது பெரிதாகவே இருக்கட்டும்.

தனித் தேர்வு எப்போது வரும் என்று பணியாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். ஒல்ஃபாவின் பெயரையும் சேர்த்துக் கேட்டேன். "மறுபடி உன்னைப் பார்த்துத்தான் எழுதுவேன்," என்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

மாலை பஸ்ஸில் நானும் ஒல்ஃபாவும் இறங்கினோம். குப்பி வேலை செய்துவிட்டது. கோட்டைப் பையில் வைக்கத்தான் நினைத்தேன். எப்படியோ கையில் போட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறேன்.

எதிர்வீட்டு வாசலில் சிவார் நின்றுகொண்டிருந்தாள். என் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்த ஜன்னலில் நான் போட்டுப் பழகிய பார்வை.

"வீதாத் அக்கா, லேப்ல ஆள் எடுக்குறாங்களா?"

ஒல்ஃபா என்னைப் பார்த்தாள். நான் ஒல்ஃபாவைப் பார்த்தேன்.

"உப்பு, சூடு பாக்கத் தெரியணும்," என்றேன்.

"அவ்வளவுதானே? அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள். சிரிக்கவில்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டாள். அவள் இன்றைக்கு வீட்டுக்குள் போய் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது அவளுடைய பாபா முனை திரும்பி வந்தார். கையில் நீள ரொட்டி. ஒரு முனை இல்லை. மென்றுகொண்டே வந்தவர், "குளிருல என்ன நிக்கிறே, உள்ள வா," என்று அவள் தலையை ஒரு அழுத்து அழுத்தினார்.

"விடுங்க பாபா, பேசிக்கிட்டிருக்கேன்ல," என்று எரிச்சலோடு அவர் கையைத் தட்டிவிட்டாள். என் கோட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நானும் ஒல்ஃபாவும் அந்தக் கதவு சாத்தும்வரை அங்கேயே நின்றோம்.